சின்கோனாப் பட்டைப் பதிவேடு முதல் உயிர்த்தகவலியல் மென்பொருள் வரை: நடுவட்டத்தை முன்வைத்துத் தயாரிப்பு மேலாண்மை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

உயிர்அறிவியல் ஆய்வுக்கான மென்பொருள்களும் தரவுத்தளங்களும் இன்று ஆய்வகக் கருவிகளுக்கு நிகரான இடத்தைப் பெற்றுள்ளன. அவற்றை உருவாக்குவது குறித்துப் பேசப்படும் அளவுக்கு, உருவாக்கியபின் பேணுவது குறித்துப் பேசப்படுவதில்லை. பெயர், பதிப்பு, பயனர் தேவை, சோதனை, நிதி, இசைவு ஆகிய ஆறு கூறுகளையும் முறையாகக் கையாளும் பணியே தயாரிப்பு மேலாண்மை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நீலகிரி மாவட்டத்தின் நடுவட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்க்கப்பட்ட சின்கோனா மரம், அதன் வேதிப்பொருள்கள், நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952இல் கண்டறியப்பட்ட அரிவாள் அணுப் பண்பு ஆகியவை இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. மென்பொருளில் நேரும் சிறு பிழையும் ஆய்வு முடிவையே தலைகீழாக்கும் என்பதும், பராமரிப்புப் பொறுப்பைத் தனிமனிதரிடம் விடாது நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: உயிர்த்தகவலியல், தயாரிப்பு மேலாண்மை, சின்கோனா, நடுவட்டம், தரவுத்தளம், பதிப்பு, அரிவாள் அணுப் பண்பு.

முன்னுரை

ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் தம் தேவைக்காக ஒரு நிரலை எழுதுகிறார். அது பயன்தருவதைக் கண்டு பக்கத்து ஆய்வகத்தினரும் கேட்டுப் பெறுகின்றனர். பின்னர் அது இணையத்தில் ஏற்றப்படுகிறது, கட்டுரையாக வெளிவருகிறது, பிறரால் மேற்கோள் காட்டப்படுகிறது. எழுதியவர் பட்டம் பெற்று வேறு ஊருக்குச் சென்றபின் அந்நிரல் இயங்குவது நின்றுவிடுகிறது. அதனை நம்பி நடந்த ஆய்வுகளை மீண்டும் செய்து பார்க்கும் வழியும் அத்துடன் அடைபடுகிறது. உயிர்த்தகவலியல் துறையில் இது அடிக்கடி காணப்படும் நிலையாகும்.

இந்நிலைக்குத் தொழில்நுட்பக் குறை முதன்மைக் காரணமன்று. மென்பொருளை ஒரு செயல்திட்டமாக மட்டும் கருதி, நெடுங்காலம் பேணவேண்டிய தயாரிப்பாகக் கருதாமையே காரணம் எனலாம். செயல்திட்டத்திற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தயாரிப்புக்கோ பயனர் இருக்கும்வரை முடிவில்லை. இவ்வேறுபாட்டை உயிர்அறிவியலின் தனித்தன்மைகளோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுவட்டமும் சின்கோனாவும்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் மலைப்பாதையில் அமைந்த ஊர் நடுவட்டம். இன்று தேயிலைக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் பழைய அடையாளம் சின்கோனாவாகும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கமின் முயற்சியால் 1860ஆம் ஆண்டு முதல் கொண்டுவரப்பட்ட சின்கோனா, உதகைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவரின் மேற்பார்வையில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிடப்பட்டது. மலாயாப் பகுதியின் ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் இத்தோட்டங்களில் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்கள் அடைக்கப்பட்டிருந்த சிறைக்கட்டடத்தை இன்றும் இவ்வூரில் காணலாம். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனை, மக்கள் வழக்கில் கொய்னாவை, பிரித்தெடுக்கும் அரசுத் தொழிற்சாலையும் பின்னர் இங்கு இயங்கியது.

தோட்டத்தோடு ஒரு பதிவு முறையும் வளர்ந்தது. 1866இல் சென்னை மாகாண அரசு ஜான் பிராட்டன் என்பவரைச் சின்கோனா வேதியியலாளராக நியமித்தது. எந்தச் சிற்றினத்தின் பட்டை, எந்த உயரத்தில் வளர்ந்தது, எத்தனை ஆண்டு முதிர்ந்தது, எத்தனை விழுக்காடு அல்கலாய்டு கொண்டது என்பன அவருடைய பகுப்பாய்வின் பொருளாயின. மெக்ஐவர் கையாண்ட முறையில் பட்டை நீளவாக்கில் கீற்றுகளாக உரிக்கப்பட்டு, உரித்த இடம் பாசியால் மூடப்பட்டது. அவ்விடத்தில் மீண்டும் வளர்ந்த பட்டையில் அல்கலாய்டு மிகுந்திருந்தது. எனவே ஒரே மரத்தின் பட்டையாயினும் அது இயல்பான பட்டையா, பாசி மூடிய பட்டையா, மீள்வளர் பட்டையா என்ற குறிப்பு இல்லையெனில் விழுக்காட்டு எண்ணுக்குப் பொருளில்லை.

இக்குறிப்பையே இன்றைய தரவு அறிவியல் மேல்தரவு என்கிறது. தரவைப் பற்றிய தரவு இல்லாதபோது தரவு பயனற்றது என்னும் கொள்கை, கணினிக்கு முன்பே நடுவட்டத்துப் பட்டைப் பதிவில் செயல்பட்டிருப்பதை இதனால் அறியமுடிகிறது.

பெயரும் அடையாள எண்ணும்

உயிர்அறிவியல் மென்பொருளின் முதல் இடர் பெயரில் தொடங்குகிறது. நீலகிரியில் செம்பட்டை மரமாகப் பயிரிடப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களில் சின்கோனா சக்கிரூப்ரா எனக் குறிக்கப்பட்ட மரம், இன்றைய வகைப்பாட்டியலில் சின்கோனா பியூபசென்ஸ் என்னும் பெயருள் அடங்கும். லெட்ஜெரியானா எனத் தனித்து வழங்கிய இனம் இன்று சின்கோனா கலிசாயாவுள் வைக்கப்படுகிறது. பழைய பெயரால் தேடும் ஆய்வாளருக்குப் புதிய பெயரின்கீழ் உள்ள பதிவுகள் கிடைக்க வேண்டுமெனில், தரவுத்தளம் இணைப்பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பேணவேண்டும். வகைப்பாட்டியல் மாறும்போதெல்லாம் அப்பட்டியலும் திருத்தப்பட வேண்டும். இது ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று.

ஊர்ப்பெயரும் அவ்வாறே. நடுவட்டம் காலனிய ஆவணங்களில் ஒரே எழுத்து வடிவில் காணப்படவில்லை; நெட்டிவட்டம் என்று ஒலிக்கத்தக்க வடிவங்களிலும் எழுதப்பட்டது. இவ்வடிவங்கள் ஓர் ஊரையே குறிக்கின்றன என்பதை மென்பொருள் தானே அறியாது. உள்ளூர் அறிவுடையார் ஒருவர் அதனைக் கற்பிக்க வேண்டியுள்ளது. ஆகவே உயிர்த்தகவலியல் மென்பொருளின் மேலாளர் நிரலாளரை மட்டுமன்றித் தாவரவியலாளர், வரலாற்றாளர், மொழியறிஞர் ஆகியோரையும் ஒருங்கிணைப்பவராக இருத்தல் இன்றியமையாதது.

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் உருவான இம்ப்பாட் என்னும் இந்திய மருத்துவத் தாவரத் தரவுத்தளம் இங்கு எடுத்துக்காட்டத் தக்கது. 2018இல் வெளியான அதன் முதற்பதிப்பு 1,742 தாவரங்களையும் 9,596 தாவர வேதிப்பொருள்களையும் கொண்டிருந்தது. இரண்டாம் பதிப்பில் தாவரங்கள் 4,010 ஆகவும் வேதிப்பொருள்கள் 17,967 ஆகவும் பெருகின. எண்ணிக்கைப் பெருக்கத்தினும் குறிப்பிடத்தக்கது, வேதிப்பொருளைத் தாவரத்தோடு மட்டும் இணைக்காது வேர், இலை, பட்டை முதலிய தாவர உறுப்போடும் இணைத்த மாற்றமாகும். ஒரு வேதிப்பொருள் மரத்தில் உள்ளது என்பதும் பட்டையில் உள்ளது என்பதும் வெவ்வேறு செய்திகள். பயன்பாட்டுக்கேற்பத் தரவின் அமைப்பையே மாற்றியமைத்த இச்செயலைத் தயாரிப்பு மேலாண்மைக்கு நல்ல சான்றாகக் கொள்ளலாம்.

மூலக்கூறின் வடிவம்

சின்கோனாப் பட்டையின் முதன்மை அல்கலாய்டுகள் நான்கு: குயினைன், குயினிடைன், சின்கோனைன், சின்கோனிடைன். 1866இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட ஆய்வுக்குழு இந்நான்கும் காய்ச்சலைத் தணிப்பவை எனக் கண்டது. இவற்றுள் குயினைனும் குயினிடைனும் ஒரே மூலக்கூறு வாய்பாடு உடையவை. இரண்டிலும் 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அணுக்கள் இணைந்துள்ள வரிசையும் ஒன்றே. வேறுபாடு, சில அணுக்களைச் சூழ்ந்த பிணைப்புகள் முப்பரிமாண வெளியில் அமைந்துள்ள திசையில் மட்டுமே உள்ளது. சின்கோனைன், சின்கோனிடைன் ஆகியவற்றுக்கிடையேயும் இத்தகைய உறவே காணப்படுகிறது.

இந்நுண்ணிய வேறுபாடு மருத்துவத்தில் பெரியது. குயினிடைன் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்கு மருந்தாகப் பயன்பட்டது. குயினைன் அவ்வகையில் வழங்கப்படுவதில்லை. மூலக்கூறுகளைக் கணினியில் எழுத ஸ்மைல்ஸ் எனப்படும் எழுத்துக்கோவை பயன்படுத்தப்படுகிறது. அதில் திசையைக் காட்டும் குறிகளை நீக்கிவிட்டால் இரு மருந்துகளுக்கும் ஒரே கோவையே எஞ்சும். இரட்டைப் பதிவுகளை நீக்கும் நோக்குடன் எழுதப்பட்ட ஒரு நிரல், திசைக்குறிகளைக் கருதாமல் விட்டால் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒன்றை அழித்துவிடும். நிரல் பிழையின்றி ஓடும்; எச்சரிக்கை எதுவும் வராது. ஆயினும் முடிவு தவறாகும்.

இன்சிகீ என்னும் அடையாளக் குறியீடு இச்சிக்கலுக்கு ஒரு தீர்வைத் தருகிறது. அதன் முதற்பகுதியான 14 எழுத்துகள் அணுக்களின் இணைப்பைக் காட்டும். அடுத்த பகுதி திசை முதலிய நுண்கூறுகளைக் காட்டும். குயினைனுக்கும் குயினிடைனுக்கும் முதற்பகுதி ஒன்றாகவும் அடுத்த பகுதி வேறாகவும் அமையும். எந்த ஆய்வுக்கு எந்தப் பகுதிவரை ஒப்பிடுவது என்பதை நிரலாளர் தனித்து முடிவுசெய்ய இயலாது. வேதியியலாளரோடு கலந்து முடிவெடுத்து, அம்முடிவைப் பயனர் கையேட்டில் வெளிப்படையாக எழுதிவைப்பது மேலாளரின் கடமையாகும்.

பதிப்பு மேலாண்மை

உயிர்அறிவியலில் மென்பொருள், மென்பொருள் பயன்படுத்தும் தரவு ஆகிய இரண்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மனித மரபணுத்தொகுதியின் மேற்கோள் வரிசை 2009இல் ஜிஆர்சிஎச்37 என்றும் 2013இல் ஜிஆர்சிஎச்38 என்றும் வெளியானது. ஒரே மரபணு இவ்விரண்டிலும் வெவ்வேறு இட எண்களைப் பெறும். எந்தப் பதிப்பு என்று குறிப்பிடாத இட எண், ஊர்ப்பெயர் இல்லாத கதவு எண்ணைப் போன்றது.

நீலகிரியோடு தொடர்புடைய ஒரு சான்று இதனை மேலும் தெளிவாக்கும். 1952இல் லேமன், கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுப் பண்பு காணப்படுவதை வெளியிட்டனர். இந்தியாவில் இப்பண்பு பற்றிய முதற்பதிவுகளுள் இது ஒன்றாகும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வேலின் அமைவதே இதற்குக் காரணம். பழைய நூல்கள் இவ்விடத்தை ஆறாவது என்று எண்ணும். புரத உருவாக்கத்தின் தொடக்கத்திலுள்ள மெத்தியோனினையும் சேர்த்து எண்ணும் இன்றைய பன்னாட்டு மரபு அதனை ஏழாவது என்று எண்ணும். இரண்டும் சரியே. ஆனால் ஆறு என்று தேடும் மருத்துவருக்கு ஏழு என்று பதிந்த அறிக்கை கிடைக்காவிடில், இரு மரபுகளையும் அறியாத மென்பொருளே அதற்குப் பொறுப்பாகும்.

ஜென்பேங்க் தரவுத்தளம் இதற்கு ஓர் எளிய நெறியைக் கையாள்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் மாறாத பதிவு எண் உண்டு. வரிசை திருத்தப்பட்டால் அவ்வெண்ணை அடுத்து வரும் பதிப்பு எண் மட்டும் கூடும். உயிரியல் தரவைப் பகுத்தாயும் நிரல்தொகுதிகளின் களஞ்சியமான பயோகண்டக்டர் ஆண்டுக்கு இருமுறை பதிப்பு வெளியிடுகிறது. பேணப்படாத நிரல்தொகுதியை அது திடீரென நீக்குவதில்லை. முதலில் கைவிடப்பட இருப்பதாக அறிவித்து, அடுத்த பதிப்பில் செயலிழக்கச் செய்து, அதன்பின்னரே நீக்குகிறது. தொடங்குவதற்கு நெறி இருப்பதுபோல் முடித்துவைப்பதற்கும் நெறி வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

பயனர் தேவை

கணினித்துறையின் பொதுப் பயன்பாட்டுக்கென உருவான மென்பொருள் உயிர்அறிவியலுக்கு எப்போதும் பொருந்துவதில்லை. எக்செல் விரிதாளில் மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை உள்ளிட்டால் அவை நாள்களாக மாற்றப்பட்டன. இச்சிக்கல் 2004இலேயே சுட்டிக்காட்டப்பட்டது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் வடிவில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருப்பதைக் காட்டியது. இறுதியில் மனித மரபணுப் பெயரிடும் குழு 2020இல் 27 மரபணுக்களின் பெயர்களை மாற்றியதை அறிவித்தது. மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 ஆயிற்று. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதி அம்மென்பொருளில் 2023இல் இடம்பெற்றது.

மென்பொருளுக்காக அறிவியல் தன் பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது என்பதே இந்நிகழ்வின் சாரம். பயனர் யார், அவர் எந்தத் தரவை எவ்வாறு உள்ளிடுவார், எங்கே தவறுவார் என்பதை முன்னரே கண்டறிவது தயாரிப்பு மேலாண்மையின் முதற்படியாகும். உயிர்அறிவியலில் பயனர் ஒரே வகையினரும் அல்லர். ஆய்வகத்தில் சோதனை செய்பவர் பொத்தானை அழுத்தி விடை காண விரும்புவார். கணிப்பாய்வாளர் கட்டளை வரியை நாடுவார். கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியவேண்டும். கேலக்ஸி என்னும் இணையத் தளம் கட்டளை வரிக் கருவிகளை உலாவியில் இயக்கும் வசதியைத் தந்து, செய்த படிகளின் வரலாற்றையும் சேமித்துவைப்பதால் இம்மூவருக்கும் ஓரளவு பொருந்துகிறது.

பிழையும் சோதனையும்

அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று, செல் சவ்விலுள்ள ஒரு கடத்துப் புரதத்தின் முப்பரிமாண அமைப்பை 2001இல் வெளியிட்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு புரதத்தின் அமைப்பை 2006இல் வேறொரு குழு வெளியிட்டபோது இரண்டும் முரண்பட்டன. முதற்குழு தான் பயன்படுத்திய, ஆய்வகத்துக்குள் கையாளப்பட்டு வந்த சிறு நிரலைச் சோதித்தது. அது தரவின் இரு நெடுவரிசைகளை இடம்மாற்றியிருந்தது. விளைவாக, அமைப்பின் இடவல நிலையே தலைகீழாகியிருந்தது. சயின்ஸ் இதழில் வந்த மூன்று கட்டுரைகள் உட்பட ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

குயினைன், குயினிடைன் சிக்கலும் இதுவும் ஒரே தன்மையன. இரண்டிலும் நிரல் தடையின்றி இயங்குகிறது. திசை மட்டும் பிழைபடுகிறது. நிரல் ஓடுகிறதா என்னும் சோதனை இங்குப் போதாது. விடை முன்னரே தெரிந்த ஒரு தரவை உள்ளிட்டு, அவ்விடை வருகிறதா என்று ஒவ்வொரு பதிப்பிலும் சரிபார்க்க வேண்டும். விடை இயற்கை விதிகளுக்கு உட்பட்டுள்ளதா என்று காண்பதும் தேவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 1963இல் வெளியிட்ட, இராமச்சந்திரன் வரைபடம் என வழங்கும் முறை, புரதச் சங்கிலியின் எந்தக் கோணங்கள் இயலும், எவை இயலா என்பதை வரையறுத்தது. இன்று புரத அமைப்புகளைச் சரிபார்க்கும் மென்பொருள்கள் அவ்வரைபடத்தைப் பயன்படுத்துகின்றன. துறையறிவு சோதனை நெறியாக மாறியதற்கு இது சிறந்த சான்றாகும்.

நிதியும் நீடிப்பும்

ஆய்வு நல்கைகள் பெரும்பாலும் புதியன படைப்பதற்கே வழங்கப்படுகின்றன. பேணுவதற்கு வழங்கப்படுவது குறைவு. அராபிடாப்சிஸ் தாவரத்தின் மரபணுத் தகவலைத் தரும் டேர் தரவுத்தளம், அமெரிக்க அரசின் நல்கை முடிவுற்றபின் 2013 முதல் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றின்கீழ்ச் சந்தா முறைக்கு மாறியது. கெக் தரவுத்தளம் 2011இல் தன் மொத்தத் தரவிறக்க வசதியைச் சந்தாவுக்கு உட்படுத்தியது. இம்மாற்றங்கள் அவற்றைக் காத்தன. எனினும் சந்தா செலுத்த இயலாத கல்லூரிகளுக்கு அவை தொலைவாயின.

இந்தியாவில் உயிர்த்தொழில்நுட்பத் துறை 1980களின் பிற்பகுதியிலேயே உயிர்த்தகவல் மையங்களின் வலையமைப்பைத் தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதில் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் தொடங்கப்பட்டது. பொதுநிதியில் உருவாகும் உயிரியல் தரவுக்கு நிலையான இருப்பிடம் ஒன்று இதனால் கிடைத்துள்ளது. தரவுக்கு இருப்பிடம் கிடைத்ததுபோல், அத்தரவை ஆளும் மென்பொருளுக்கும் நிலையான பொறுப்பாளர் கிடைக்கவேண்டும். ஆய்வாளர் மாறினாலும் பொறுப்பு மாறாதிருக்கும் பணியிடமே இதற்குத் தீர்வாகும்.

தரவும் இசைவும்

2016இல் வெளியான ஃபேர் நெறிகள், தரவு கண்டறியத்தக்கதாக, அணுகத்தக்கதாக, ஒன்றோடொன்று இயைவதாக, மறுபயன்பாட்டுக்கு உரியதாக இருக்கவேண்டும் என்கின்றன. சின்கோனாவின் வேதிப்பொருள் தரவுக்கு இந்நெறிகளை முழுமையாகப் பொருத்துவதில் தடையில்லை. மனிதரின் மரபணுத் தரவுக்கோ மேலும் ஒரு கூறு தேவைப்படுகிறது.

தோடர், கோத்தர் போன்ற நீலகிரிச் சமூகங்களின் மக்கள்தொகை மிகச் சிறியது. இத்தகைய சமூகத்தில் ஒருவரின் பெயரை நீக்கிவிட்டாலும் ஊர், வயது, நோய்க்குறிப்பு ஆகியவை சேர்ந்தால் அவர் யாரென்று ஊகிக்க இயலும். அரிவாள் அணுப் பண்பு உடையவர் என்று அறியப்படுவது ஒருவரின் திருமணம் முதலியவற்றைப் பாதிக்கக்கூடும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம் ஏழு கோடி மக்களைப் பரிசோதிக்க இலக்கு வைத்துள்ள நிலையில், இத்தரவைக் கையாளும் மென்பொருளின் வடிவமைப்பு மக்கள் வாழ்வோடு நேரடித் தொடர்புடையதாகிறது. யார் எந்த அளவு பார்க்கலாம் என்னும் படிநிலை அனுமதியும், கொடுத்த இசைவைத் திரும்பப் பெறும் வழியும், அவ்விசைவு கேட்போர் அறிந்த மொழியில் அமைவதும் மென்பொருளின் தொடக்க வடிவமைப்பிலேயே இடம்பெற வேண்டும். பின்னர்ச் சேர்க்கும் ஒட்டாக இவை அமைதல் கூடாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. உயிர்அறிவியல் மென்பொருள் முடிவு நாளுடைய செயல்திட்டமன்று. பயனர் உள்ளவரை பேணவேண்டிய தயாரிப்பாகும்.

2. தாவரப் பெயர், ஊர்ப்பெயர், மரபணுப் பெயர் ஆகியவை மாறக்கூடியவை. மாறாத அடையாள எண்ணும் இணைப்பெயர்ப் பட்டியலும் இன்றித் தரவுத்தளம் நிலைபெறாது.

3. குயினைன், குயினிடைன் வேறுபாடும் திரும்பப் பெறப்பட்ட புரத அமைப்புகளும், எச்சரிக்கையின்றி நிகழும் பிழையே மிகவும் தீங்கானது என்பதைக் காட்டுகின்றன. துறையறிவு சார்ந்த சோதனைகள் ஒவ்வொரு பதிப்புக்கும் தேவை.

4. பராமரிப்புக்கான நிதியும் பணியிடமும் நல்கைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட வேண்டும். முனைவர் பட்ட ஆய்வில் உருவாகும் நிரலை, ஆய்வேட்டைப் போலவே பதிப்பு எண்ணுடனும் கையேட்டுடனும் பல்கலைக்கழகம் பெற்றுக் காப்பது ஒரு நடைமுறை வழியாகும்.

5. பழங்குடி மக்களின் மரபணுத் தரவைப் பொறுத்தவரை இசைவும் மறைகாப்பும் வடிவமைப்பின் உறுப்புகளாக அமையவேண்டும்.

நடுவட்டத்தில் பட்டையை உரித்தோரின் காலமும் பகுத்தோரின் காலமும் முடிந்தன. அல்கலாய்டு விழுக்காட்டோடு சிற்றினம், உயரம், உரித்த முறை ஆகியவற்றையும் சேர்த்து எழுதியதனாலேயே அப்பதிவுகள் இன்றும் படித்துப் பொருள்கொள்ளத்தக்கனவாக உள்ளன. இன்று எழுதப்படும் நிரல்களும் தரவுத்தளங்களும் வருங்கால ஆய்வாளருக்கு அவ்வாறே பயன்பட வேண்டுமெனில், அவற்றை ஆக்குவதில் காட்டப்படும் அக்கறை காப்பதிலும் காட்டப்படுதல் வேண்டும்.